இயல்பாக நலிந்தது

நெறியாளர் திருத்திய வரியை வாய்மொழித் தேர்வில் மாணவர் மாற்றிச் சொல்லக் கூடாது. அஸ்தம்பட்டிக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில் இதை யாரும் எழுதி வைத்ததில்லை, மீறியவரும் இல்லை.

சுகன்யாவின் முனைவர் பட்ட ஆய்வு ஆப்பிரிக்க நாடுகளின் மொழிக்கொள்கையும் இலக்கியமும் பற்றியது. மலாவியில் 1968இல் சிச்சேவா தேசிய மொழியானது. வடபகுதியின் டும்புகா மொழி பள்ளியிலிருந்தும் வானொலியிலிருந்தும் நீக்கப்பட்டது. 'நீக்கியதால் எழுத்து முடங்கியது' என்று எழுதியிருந்தாள். நெறியாளர் குருமூர்த்தி அதை அடித்துவிட்டு, 'டும்புகா இலக்கியம் இயல்பாக நலிந்தது' என்று மாற்றினார்.

“வர்ற தேர்வாளரு, நாட்டுக்கு ஒரே மொழி போதும்னு புத்தகமே போட்டவரு அம்மிணி. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் பட்டம். நாமக்கல்ல வேலை காத்துக்கிட்டு இருக்குது. ஒத்தை வரிக்காகக் கெடுத்துக்காத.”

அவள் தலையாட்டிவிட்டாள். ஆய்வேடு அந்த வரியோடே அச்சுக்குப் போனது.

டும்புகா தெரிந்து அவளுக்கு உதவியவன் தவோங்கா. மலாவியிலிருந்து வந்து மருந்தியல் படிப்பவன். விடுதிச் சமையல்காரரிடம் தமிழ் கற்றதால் பேச்சில் மரியாதைக்குக் குறைவிருக்காது.

“எங்க தாத்தா டும்புகாவுல நாவல் எழுதுனாருங்க அக்கா. பள்ளிக்கூடத்துல இல்லாத பாஷைய யாரு வாங்கிப் படிப்பாங்கன்னு அச்சகத்துல திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்பறம் அவரு எழுதவே இல்லீங்க. உங்க ஆய்வுலயாவது அவரு வருவாருங்களா?”

“வருவாரு சாமி,” என்று சொல்லியிருந்தாள்.

தேர்வன்று அவன் தேய்த்த சட்டையோடு பின்வரிசையில் அமர்ந்திருந்தான். முடிந்ததும் கொடுக்க வேண்டிய இனிப்புப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தேர்வாளருக்கு எல்லாம் திருப்தி. பேனாவின் மூடியைக் கழற்றியபடி கேட்டார்:

“டும்புகா இயல்பாக நலிந்தது என்கிறீர்கள். எழுதுவதற்கே ஆள் இல்லை, அப்படித்தானே?”

'ஆம்' என்றால் போதும். குருமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையை மெல்ல அசைத்தார். பின்வரிசையில் தவோங்கா தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தா வரவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

சுகன்யாவுக்கு மேடைத்தமிழ் கைவிட்டுப் போயிற்று. வாயில் வந்தது வீட்டுப் பேச்சு.

“இல்லீங்க ஐயா. அந்த வரி எங்க சாரு மாத்துனது. நான் எழுதுனது வேறங்க. எழுத ஆள் இருந்தாங்க. அதுல ஒருத்தரோட பேரன் இங்கயே உக்காந்திருக்கறானுங்க.”