மூன்று சொல்லாத காலை

விடியுமுன்பே சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு குவிந்துவிடும். சோடா நெடி கண்ணைக் கரிக்கும். நிறைந்த தொட்டியை இரண்டிரண்டு பேராய், ஆளுக்கொரு கைப்பிடி பற்றி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித் தூக்க வேண்டும். தொட்டிகளை உருட்டிப் போகும் தள்ளுவண்டியின் சக்கரம் உடைந்து நாலு மாதம்.

அன்று 'மூணு' என்றதும் அவள் தூக்கினாள். எதிர்க் கைப்பிடியைப் பிடித்திருந்தவள், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள், ஒரு கணம் பிந்திவிட்டாள். மொத்தப் பாரமும் அவளது வலக்கையில் இறங்க, தோளுக்குள் ஏதோ சடக்கென்றது.

பதினோரு நாளாகியும் கை மேலே எழவில்லை. மகள், "நானே பின்னிக்கிறேம்மா" என்று கோணல்மாணலாய்ச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவாள். வலிக்கு அழாத தாய் அதற்கு அழுவாள்.

முதலாளி அவளையும் நெட்டையையும் அழைத்தார். மேசைமேல் தாள் தயாராய் இருந்தது. நெட்டையைக் கைகாட்டினார்.

"இவ கவனக்குறைவாலதான் அடிபட்டுதுன்னு கையெழுத்துப் போடும்மா. சரியாகுற வரைக்கும் உனக்குச் சம்பளத்தோட லீவு."

"இவளுக்கு?"

"வேற வேலை பாத்துக்கட்டும்."

"போடுக்கா," என்றாள் நெட்டை. "நான்தானே பிந்தினேன். கண்ணை மூடினா அந்தச் சத்தந்தான் கேக்குது."

முதல் இரண்டு நாள் வலியில் அவள் நெட்டையைத்தான் வாய்க்கு வந்தபடி சபித்திருந்தாள். பேனாவை எடுக்கப் போனவள் தாளை இன்னொரு முறை வாசித்தாள்.

"சக்கரம் உடைஞ்சதை இதுல காணோமே, சார்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வண்டி இருந்தா நாங்க ஏன் ஒண்ணு ரெண்டு எண்ணப் போறோம்?"

"அப்ப நாளைக்கு வந்து தொட்டியத் தூக்கு. முடியலேன்னா வீட்டுல இரு."

வெளியே நெட்டை விசும்பினாள்.

"அடி ஒட்டடைக்குச்சி, அழாதேடி. துடைச்சுவிட எனக்கு ஒத்தக் கைதான் இருக்கு."

சிரிக்கப் போய் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

துணி மடிக்கும் மேசையைச் சுற்றி அன்று மாலை அந்தத் தாளைப் பற்றியே பேச்சு. "அடுத்த தாள்ல யார் பேரோ?" என்றாள் ஒருத்தி. வேலை முடிந்தும் யாரும் வீட்டுக்குக் கிளம்பாமல் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியலில் முதலாளி வாசலிலேயே நின்றார். அவள் இடக்கையால் மட்டும் தொட்டியைப் பற்றினாள்.

"ஒண்ணு," என்றாள் நெட்டை.

"ரெண்டு," என்றது கூடம் முழுவதும்.

பிறகு ஒரு வாயும் திறக்கவில்லை. பன்னிரண்டு தொட்டிகளும் தரையில் இருந்தபடியே சொட்டிக்கொண்டிருந்தன.

"மூணு சொல்லுங்கடி!" முதலாளி கத்தினார்.

"வண்டி வரட்டும் சார். அக்காவுக்கு லீவு வரட்டும். அப்புறம் சொல்றோம்," என்றாள் நெட்டை.

"எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்!"

அனுப்பினாலும் அனுப்புவார். அவளுக்குத் தோள் விண்விண்ணென்று தெறித்தது. நெட்டை சுற்றி வந்து பக்கத்தில் நின்று, மேலே எழாத அந்த வலக்கைக்கு எட்டும்படி தன் தோளைத் தாழ்த்திக் கொடுத்தாள்.