கம்பனி வக

சங்கையாவை அரிசிக்குக் காவல் வைத்ததற்கு ஒரே காரணம், அவனால் எதையும் மறைக்க முடியாது என்பதுதான். எஸ்டேட் ஸ்டோரிலிருந்து ஒரு முழம் கயிறு எடுத்தால்கூட, எடுத்த கதையை ஆறு பேரிடம் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

"நீ யோக்கியன்னு இல்லடா. திருடுனா நீயே வந்து சொல்லிருவ. எங்களுக்கு அது போதும்" என்று தேயிலை பறிக்கும் ராமுத்தாய், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில், நாலு எஸ்டேட்டுப் பெண்களுக்கு நடுவில் வைத்துச் சொன்னாள். அவன் அதை ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

அது எழுபத்துமூன்றாம் வருஷத்து மழைக்காலம். நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ரேடியோ வருஷக்கணக்காகச் சொல்லிவந்த காலரா, ஒருவழியாகக் குமுளியில் பஸ் ஏறி, வெள்ளிமுடி எஸ்டேட்டின் கீழ் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், வந்து இறங்கியது. ஒரே வாரத்தில் மூன்று பேர் போனார்கள். லயத்துக்குப் போகிற பாதையில் எஸ்டேட் மானேஜர் துரை ஒரு கயிற்றைக் கட்டச் சொன்னார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது குடும்பம். கொழுந்து பறிக்க வரக்கூடாது, கூலி கிடையாது. ரேஷன் கடைக்கும் வரக்கூடாது. சாகலாம், அதற்குத் தடை இல்லை.

அடைத்த நாளிலிருந்து கம்பனிதான் அவர்களுக்கு அரிசி கொடுக்க வேண்டும் என்று லேபர் ஆபீசர் உத்தரவு போட்டார். உத்தரவு வந்தது. அரிசி வரவில்லை. லாரி இல்லை என்றார்கள். பிறகு ரோடு இல்லை என்றார்கள். லாரியும் ரோடும் ஒரே நாளில் சரியானபோது டிரைவர் இல்லை என்றார்கள்.

அதனால்தான் பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியைத் திருப்பி டின்னில் போடுவது மலைப் பெண்களின் வழக்கம். யார் வீட்டிலாவது சாவோ பிரசவமோ வந்தால் டின்னைத் திறப்பார்கள். ராமுத்தாய் நாலு எஸ்டேட்டுக்கும் மழையில் நடந்துபோய், எல்லா டின்னையும் ஒரே இடத்தில் கொட்டவைத்தாள். பழைய கொழுந்து நிறுக்கும் கொட்டகை அரிசிக் கொட்டகை ஆனது. புழுங்கல், பச்சை, குருணை, கேரளத்துச் சிவப்பரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்ததைப் பார்த்து, "சாதிக்கலவரம் வராம இருந்தாச் சரி" என்றான் சங்கையா. அவனுடைய தங்கை சுருளியம்மாள் மூன்று பிள்ளைகளோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவள் புருஷன் கம்பத்துக்கு அறுப்புக்குப் போனவன், மேலே ஏறிவர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். சங்கையா அந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே ஜோக் அடித்தான்.

கொட்டகையில் இருந்தது பத்து நாளைக்குக் காணும். அதற்குள் கம்பனி அரிசி வந்துவிட வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ஆபீசில் சுப்பராமன் என்று ஒரு ரைட்டர். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். மற்ற குமாஸ்தாக்களுக்கெல்லாம் சங்கையா "நூத்திப்பதினேழு". அது செக்ரோலில், கூலிப் பதிவேட்டில், அவனுடைய நம்பர். சுப்பராமன் ஒருவர்தான் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். சாயங்காலம் ஆபீசுக்குப் பின்னால் வெற்றிலை போட வரும்போது, "துரை இன்னிக்கு எப்படி நடந்தார்டா, காட்டு" என்பார். சங்கையா நடந்து காட்டுவான். அவர் சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பார். ஐந்து வருஷத்துப் பழக்கம்.

அரிசியைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பக் கிளம்பிய அன்று சுப்பராமன் அவனைக் கூப்பிட்டார். கையில் மலையாளத்தில் எழுதிய தாள்கள்.

"சங்கையா, கேட்டியா? ஒரு கடலாசும் இல்லாம உள்ளே சாமான் போகப்படாதாம். ஹெல்த்காரா பிடிச்சுப்பா. வாங்கறவாகிட்ட இதுல ஒரு ரேகை வாங்கிண்டுடு."

சங்கையாவுக்கு மலையாள எழுத்து தெரியும். பஸ் போர்டிலும் சினிமா போஸ்டரிலும் கற்றது. எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான். அர்த்தம் அந்தந்த பஸ் போய்ச் சேருகிற இடத்தைப் பொறுத்தது. தாளை வாங்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தான். "கம்பனி… வக… அரி… கைப்பற்றி… போதிச்சு." நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சாமி இது! அரிசியைக் கைப்பற்றிட்டோம்னு எழுதியிருக்கீக? நாங்க என்ன போலீசா, கொள்ளைக்கூட்டமா? கைப்பற்றுனதோட விடாம, போதிச்சு வேற இருக்கோம். யாருக்கு உபதேசம், அரிசிக்கா?"

சுப்பராமனின் தோள் குலுங்கியது. "அசடே, மலையாளத்துல கைப்பற்றின்னா வாங்கிண்டோம்னு அர்த்தம். போதிச்சுன்னா திருப்தியாச்சுன்னாக்கும். எல்லா ரசீதுலயும் இப்படித்தான் எழுதறது."

"அப்ப இந்த 'கம்பனி வக'?"

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் சுப்பராமன் வெற்றிலையை மென்று முடிக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பதிலைச் சங்கையாவே எடுத்துக் கொடுத்தான். "கம்பனி குடுக்குற தினுசு அரிசி, மட்ட வகைன்னு சொல்றீகளா? சரிதான், நம்ம அரிசியும் அந்த வகதான்."

"ம்" என்றார் சுப்பராமன்.

ஒரே ஒரு ம். அதை வாங்கிக்கொண்டு சங்கையா கயிற்றடிக்குப் போனான். அந்தப் பக்கத்துப் பாறைமேல் பாத்திரத்தை வைத்துவிட்டு அவர்கள் தள்ளிப் போவார்கள். இவன் கயிற்றைத் தாண்டிக் குனிந்து அரிசியைக் கொட்டிவிட்டுப் பின்னால் வருவான். பிறகு தாளும் மைப்பெட்டியும் பாறைக்குப் போகும். ஒவ்வொருத்தராக வந்து கட்டைவிரலை அமுக்கினார்கள். "இதுல என்னண்ணே எழுதியிருக்கு?" என்று யாரோ கேட்டதற்கு, "அரிசிக்கு உபதேசம் பண்ணியிருக்கோம்னு எழுதியிருக்கு" என்றான். சிரித்தார்கள். காலரா வந்தபின் கீழ் லயம் சிரித்தது அன்றைக்குத்தான். சுருளியம்மாள் கேட்கக்கூட இல்லை. அண்ணன் நீட்டிய தாள், அமுக்கிவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் காலையில் கொட்டகையைப் பெருக்கி, மண்ணும் குருணையுமாக வந்ததைப் புடைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், தீர்ந்தது. மேல் லயத்துப் பெண்களும் பிடிபோட வழியில்லாமல், ஒருவேளைக் கஞ்சிக்கு இறங்கியிருந்தார்கள். அன்று மத்தியானம் லேபர் ஆபீசரின் ஜீப் வந்தது.

ஆபீசர் பாலக்காட்டு எல்லைக் கொழிஞ்சாம்பாறைக்காரர், இரண்டு பாஷையும் தெரிந்தவர். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, குடையை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்க, கம்பனி அரிசி வந்துச்சுங்களா?"

"ஒரு மணிகூட வரல சார்!" நாற்பது வீட்டுக் குரல்.

துரை பக்கத்தில் நின்ற சுப்பராமனைப் பார்த்தார். சுப்பராமன் பைலைத் திறந்து தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஆபீசர் படித்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். அவர் முகம் மாறியது.

"என்னங்க இது? 'கம்பனி வக அரி'ன்னா கம்பனி தன் பொறுப்புல குடுத்த அரிசின்னு அர்த்தமுங்க. வாங்கிக்கிட்டோம், திருப்தின்னு அத்தனை பேரும் ரேகை வெச்சிருக்கீங்க. வாங்கிட்டு வரலைன்னா நான் எப்படீங்க கேஸ் எடுக்கறது?"

 ராமுத்தாய், "அது எங்க அரிசி!" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எங்க புள்ளைக வாயில போக வேண்டியத எடுத்துப் போட்டது. அது எப்பய்யா கம்பனி அரிசி ஆச்சு?"

கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் சுருளியம்மாள் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, நீதான வாங்குன ரேகைய?"

சங்கையாவின் வாய் தானாகத் திறந்தது. எந்தச் சங்கடத்துக்கும் ஒரு ஜோக் தயாராக வைத்திருக்கிற வாய். உள்ளே ஒன்றும் இல்லை. அவன் சுப்பராமனைப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மழையில் எவ்வளவு துடைத்தாலும் ஈரம் போகாது; இருந்தாலும் விடாமல் துடைத்தார்.

"சாமி" என்றான் சங்கையா. "நான் கேட்டேன்ல? 'வக'ன்னா என்னன்னு கேட்டேன்ல?"

"நீயே சொன்னே, தினுசுன்னு" என்றார் சுப்பராமன், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "நான் ஒண்ணும் சொல்லலை."

அது உண்மைதான். ம் என்பது சொல்லில் சேராது.

சங்கையா ஆபீசரிடம் போனான். "சார், இந்தத் தாள் செல்லாது. நான் ஏமாத்தி வாங்குனது. மலையாளம் தெரியாமலே தெரிஞ்ச மாதிரி வாசிச்சுக் காட்டி, பிடியரிசிக்குக் கணக்குன்னு சொல்லி வாங்குனேன். குத்தம் என்னோடது. இவுகளுக்கு அரிசி வேணும்."

"வேலை போயிரும், தெரியுமா?" என்றார் துரை, தமிழில். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் நடையை எத்தனை முறை அவர் காதுபடவே கேலி பண்ணியிருப்போம் என்ற எண்ணம், இந்த நேரத்திலும் சங்கையாவுக்கு வந்துவிட்டுப் போனது.

"தெரியும் தொர."

ஆபீசர் வாக்குமூலம் எழுத்தில் வேண்டும் என்றார். அவருடைய குமாஸ்தாவுக்குக் காய்ச்சல், ஜீப்பில் வரவில்லை. கேஸ் எடுக்கிறவரே எழுதக்கூடாதாம்; அவரையும் துரையையும் விட்டால் எழுதத் தெரிந்த ஆள் அங்கே ஒருவர்தான். சுப்பராமன் பேனாவைத் திறந்தார்.

"தமிழ்ல எழுதுங்க சாமி. நானும் படிக்கணும்."

சுப்பராமன் தலையை ஆட்டினார். "நேக்குத் தமிழ் எழுதத் தெரியாதுடா. பேச்சு மாத்திரம்தான். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளமாக்கும்."

ஐந்து வருஷமாக ஒரே பாஷையில் சிரித்திருக்கிறார்கள். அவருக்குத் தமிழ் எழுத வராது என்பது சங்கையாவுக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை.

அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதி முடித்ததும் சங்கையா அதை வாங்கி ஆபீசரிடம் கொடுத்து, "ஒவ்வொரு வார்த்தையா வாசிங்க சார். வாசிச்சு அர்த்தமும் சொல்லுங்க" என்றான். ஆபீசர் வாசித்தார். நாலு எஸ்டேட்டுப் பெண்கள் உலையிலிருந்து எடுத்துப்போட்ட அரிசி என்று இருந்தது. கம்பனி இதுவரை ஒரு மணியும் கொடுக்கவில்லை என்று இருந்தது. ரேகை வாங்கச் சொல்லித் தாளைக் கொடுத்தது ஆபீஸ் ரைட்டர் சுப்பராமன் என்றுகூட இருந்தது. சங்கையா சொல்லாமல் விட்டதை அவரே சேர்த்திருந்தார். ஒரு வார்த்தை வளையவில்லை.

அதுதான் சங்கையாவைத் தாக்கியது. இவ்வளவு நேராக எழுதத் தெரிந்த மனுஷன். தெரியாமல் செய்தார் என்று நினைத்துக்கொள்ள ஒரு சின்ன வழி இருந்தது. அதையும் அவரே அடைத்துவிட்டார்.

ஆபீசர் கயிற்றடியை விட்டு நகரவில்லை. ஆபீசுக்கு ஆள் அனுப்பி, அரிசி வரும்வரை இங்கேதான் இருப்பேன் என்று சொல்லி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். லாரி, ரோடு, டிரைவர் மூன்றும் இரண்டு மணி நேரத்தில் கிடைத்தன. இதற்கிடையில் சுப்பராமன் சங்கையாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரேகை வாங்கித் தரலைன்னா என்னை அன்னிக்கே மலையிறக்கியிருப்பா. ஊர்ல மூணு பொண்ணு நிக்கறதுகள். நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு."

மூன்று பெண்களின் பேரும் சங்கையாவுக்குத் தெரியும். மூத்தவளுக்கு வரன் தட்டிப்போனபோது, இவர் இரண்டு நாள் சிரிக்காமல் இருந்ததும் தெரியும். மனசு ஒரு நொடி அந்தப் பக்கம் சாய்ந்தது. அது அவனுடைய கெட்ட பழக்கம்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம் சாமி. நான் யோசிச்சு வேற வழி சொல்லியிருப்பேன். இல்லாட்டி கூட உக்காந்து அழுதிருப்பேன். என்னையவே அனுப்புனீகளே, என் தங்கச்சிகிட்ட."

 சுப்பராமன் ஆபீசைப் பார்த்து நடந்தார்.

மூட்டைகள் இறங்கின. கம்பனி ஆள் புதுத் தாளையும் மைப்பெட்டியையும் பாறைமேல் வைத்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது குடும்பமும் நின்றது. யாரும் முன்னால் வரவில்லை. கட்டைவிரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நின்றார்கள். மழை மூட்டைகளை நனைக்க ஆரம்பித்தது.

"ரேகை இல்லாம அரிசி தர முடியாது" என்றான் கம்பனி ஆள்.

"வையுங்கம்மா, இது சரியான தாள்தானுங்க. நான் பாத்துட்டேன்" என்றார் ஆபீசர். ஒருத்தரும் அசையவில்லை. ராமுத்தாய் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் எல்லோரும் சங்கையாவைப் பார்த்தார்கள். நம்பி அல்ல, வேறு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல்.

அவன் கயிற்றுக்கு இந்தப் பக்கமாகவே பாறையருகில் குந்தி உட்கார்ந்து தாளை எடுத்தான். எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆபீசரைத் திரும்பிப் பார்த்து அர்த்தம் கேட்டு, அதை உரக்கச் சொன்னான். "கம்பனி வக. கம்பனி குடுக்குறது. அரி. அரிசி. கைப்பற்றி. வாங்கிக்கிட்டோம்." யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவைக்கப் பார்க்கவில்லை.

சுருளியம்மாள் பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு முன்னால் வந்தாள். பாறைமேல் குனிந்தாள். விரலை மையில் தொட்டாள். தாளுக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் அது நின்றது.

"நீ வாசிச்சத நம்பி வைக்கல" என்றாள், அண்ணன் முகத்தைப் பார்க்காமல். "புள்ளைக பசிக்குதுன்னு வைக்கிறேன்."

அமுக்கினாள். பின்னால் வரிசை மெல்ல நகர ஆரம்பித்தது. சங்கையா தாள் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.