விலகிய அச்சு

பந்தைத் துணியால் துடைக்கப் போன பெர்னடீன் கையை நிறுத்திக்கொண்டாள். அவள் தம்பி டுவேன் அப்போதுதான் பவுலிங் லேனிலிருந்து தூக்கிவந்து கடை மேசைமேல் வைத்த நீலப் பந்து அது. லேனில் பூசியிருந்த எண்ணெய் அதன்மேல் வளையம் வளையமாக ஒட்டியிருந்தது.

"என்னக்கா, அதையே முறைச்சுப் பார்க்கிற? துளையைத் தப்பாப் போட்டுட்டேன்னு ஒத்துக்கோயேன்."

"சும்மா இரு. பார்த்துக்கிட்டிருக்கேன்ல."

"பார்க்க என்ன இருக்கு. திரும்பவே மாட்டேங்குது. நேராப் போய் ஓரத்துக் கட்டைய உரசிட்டு விழுது. அங்க அத்தனை பேரும் சிரிக்கிறானுங்க."

டலீடோ நகரில், ஆற்றின் கிழக்குக் கரையில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் அந்த பவுலிங் கூடத்தின் மூலையில், காலணி வாடகைக்குத் தரும் இடத்தை ஒட்டி, பெர்னடீனின் கடை. விரல் நுழைக்கப் பந்துக்குத் துளை போடுவது அவள் தொழில். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் டுவேனுக்கு இந்தக் கூடத்தில் தனி மரியாதை உண்டு. அவன் வீசினால் பந்து லேன் ஓரப் பள்ளத்தின் விளிம்புவரை போய், யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி உள்ளே பாயும். இந்தக் குளிர்காலத்தில்தான் அது நின்றுபோனது. அவன் கேட்டான் என்பதற்காக இரண்டு முறை பழைய துளைகளைப் பிசினால் அடைத்து, இடம் மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பலன் இல்லை.

வெளியே பார்த்தால் பந்து எல்லாப் பக்கமும் ஒன்றுதான். உள்ளே கோணலான கனத்த கரு ஒன்று உறங்குகிறது. அது எங்கே இருக்கிறதென்று சொல்ல மேல்தோலில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். வீசுகிறவன் கையை விட்டுப் பந்து புறப்படும்போது ஓர் அச்சில் சுழலும். அந்த அச்சு ஆளுக்கு ஆள் வேறு, நடையைப் போல. அச்சுக்கும் புள்ளிக்கும் நடுவே சரியான தூரம் விட்டுத் துளை போட்டால் பந்து உருளும்போதே தள்ளாடும். சுற்றுக்குச் சுற்று எண்ணெய் படாத புதிய இடம் தரையைப் பிடிக்கும். வளையங்கள் விசிறிபோல் விரியும், பந்து திரும்பும். அந்தத் தூரம் தப்பினால் வளையங்கள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொள்ளும், பந்து சோம்பிப்போகும்.

தம்பியின் அச்சு அவளுக்கு மனப்பாடம். அவன் பள்ளி முடித்த காலத்தில் அளந்தது, அதன்பின் மாறவேயில்லை. அந்த அச்சை நம்பித்தான் இரண்டு முறையும் போட்டாள். இப்போது கண்முன் இருந்த வளையங்கள் சிறுத்து, கட்டைவிரல் துளையை விட்டு வெகுதூரம் நழுவிக் கிடந்தன. இது டுவேனின் பந்தே அல்ல என்று தோன்றியது. மணிக்கட்டு பின்னால் மடிந்து, விரல்கள் பந்தைத் தூக்கிவிட முடியாமல் நழுவவிடுகிற வேறு யாருடையதோ.

அப்பாவுக்கும் வலக்கையில்தான் தொடங்கியது, சதைத் துடிப்பாக. முதலில் சட்டைப் பொத்தான், அப்புறம் கரண்டி, கடைசியில் நாக்கு. பெரியப்பாவுக்கும் அதேதான். குடும்பத்தில் வழிவழியாக வரும் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"வச்சிட்டுப் போ. வேற மாதிரி போட்டுப் பார்க்கிறேன்" என்றாள்.

அவன் போனபின் முதல் வளையத்தின்மேல் மெழுகுப் பென்சிலை ஓட்டி, அதன் மையத்தைக் கண்டுபிடித்தாள். புதிய அச்சு. அதை வைத்துக் கணக்கிட்டு, துளைகளை அடைத்து, பிசின் இறுகியதும் மறுபடி போட்டாள். மேல்தோலைச் சொரசொரப்பாகத் தேய்த்தும் விட்டாள். தளர்ந்த கைக்கு ஏற்ற பந்து. செய்யும்போது அவள் யோசித்ததெல்லாம் அவன் முகம் தெளிய வேண்டும் என்பதுதான்.

தெளிந்தது. சனிக்கிழமை பிற்பகல் முதல் வீச்சிலேயே பந்து வளைந்து போய்க் கட்டைகளைச் சிதறடித்தது. அடுத்ததும் அப்படியே. பக்கத்து லேன்காரர்கள் கைதட்டினார்கள். டுவேன் கடைக்குள் ஓடிவந்து அவளை அப்படியே தூக்கிவிட்டான். தூக்கியது இடக்கையின் பலத்தில் என்பதை அவள் விலா உணர்ந்தது.

"சொன்னேன்ல? எல்லாம் உன் துளைதான்க்கா. என் கைமேல பழி போட்டா எப்படி? வீட்டுல ஜோலீன் வேற, என் கை நழுவி காபி கோப்பை ரெண்டு உடைஞ்சதுக்கு டாக்டர்கிட்ட நாள் வாங்கி வச்சிருந்தா. இப்பதான் ஃபோன் போட்டு வேணாம்னு சொல்லிட்டு வரேன்."

பெர்னடீன் கடை ஃபோனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மறுபடி ஃபோன் பண்ணு."

"ஏன்?"

"பண்ணுடா. போறேன்னு சொல்லு."

"பந்து திரும்புது, நீயே பார்த்தல்ல?"

"நான்தான் அதைத் திரும்ப வச்சேன். உன் பழைய அச்சுல போட்டிருந்தா இப்பவும் நேராத்தான் போகும். உன் அச்சு இடம் மாறிடுச்சு, டுவேன். கை மாறினாத்தான் அது மாறும். உன்கிட்ட சொல்லாம நான் பாட்டுக்குப் போட்டுக் குடுத்துட்டேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் பாதியில் நின்றது. கையுறையைக் கழற்றி மடித்தான்.

"பழையபடியே போட்டுக் குடுத்துடு" என்றான். "இது வளையுறப்பல்லாம் கைதான் ஞாபகம் வரும். நேராப் போனாப் போகட்டும். பந்து சரியில்லன்னு சொல்லிக்கிறேன்."

"மாட்டேன்."

"கெஞ்சிக் கேட்கிறேன்க்கா. இந்தக் குளிர்காலம் போகட்டும். டாக்டர் அதுதான்னு சொல்லிட்டா பிள்ளைங்க முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் யாரோ அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள், அவன் முறை வந்துவிட்டது என்று. அவன் அசையவில்லை. பிறகு வேறு குரலில் கேட்டான்.

"நீ பார்த்துக்கிட்டியா?"

"என்னத்த?"

"உன் கைய. உனக்கும் அதே அப்பாதான."

டுவேன் மேசையில் கிடந்த துளையிட்ட தூளையும் பிசின் துணுக்குகளையும் ஒதுக்கி, வலக்கையை நீட்டி வைத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, தோலுக்கடியில், ஏதோ புழு நெளிவதுபோலச் சதை துடித்துக்கொண்டிருந்தது. பெர்னடீன் தன் வலக்கையை அதன் பக்கத்தில் வைத்தாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.