பதினான்கு நாள் அவகாசம்

"தலையணையைத் தொட்டுப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே, பள்ளிக்கூடம் விசாரணைக்கு அனுப்பிய கிம்பால் அதைத் தொட்டுவிட்டார்.

காலை ஆறேகால் மணி. சமையலறைக்கு மேலே இருந்த சின்ன அறையில், ஒன்பது வயதுப் பெண் சற்று முன்தான் எழுந்த படுக்கை அது. விரிப்பில் சூடு இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து அலமாரியின் கீழ்த்தட்டை இழுத்தார். குழந்தையின் உள்ளாடைகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். ஆறு. தன் காகிதத்தில் குறித்துக்கொண்டார். குளியலறையில் பல் துலக்கும் பிரஷ் எத்தனை என்று ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது.

லோரேன் பீரஸ் வாசற்படியில் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். கீழே வீட்டின் சொந்தக்காரர் ஆமோஸ் விட்காம்புக்குக் கொண்டுபோக வேண்டிய கஞ்சி. அதை அப்படியே இந்த மனிதரின் வழுக்கைத் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. கவிழ்க்கவில்லை. பிறர் வீட்டுக் கிண்ணம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்திரண்டு வருஷம் போலீஸ்ல இருந்தேன். இதைவிட அசிங்கமெல்லாம் பார்த்திருக்கேன்" என்றார் கிம்பால்.

"இதைவிடவா?" என்றாள் லோரேன்.

அவர் குழந்தையிடம் திரும்பினார். "பாப்பா, உன் பேரு நாடியா தானே? சனிக்கிழமை ராத்திரி எங்க தூங்குவே?"

நாடியா சீப்பைக் கையில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்த பாவத்துக்கு லோரேனால் வாயைத் திறக்க முடியவில்லை.

"பிராக்டன்ல. எங்க மாமா வீட்டுல."

"ஏன் இங்க இல்லை?"

"மிஸ் ஹேரியட் வந்துடுவாங்க. அவங்க சொந்தக்காரங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவாங்க. அப்ப நாங்க இருக்கக் கூடாது."

முதல் பதிலைக் கிம்பால் எழுதிக்கொண்டார். இரண்டாவதை எழுதவில்லை.

எங்கள் ஈஸ்ட் பிராம்லியில் இது ஒன்றும் புதிதல்ல. பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம். மாசசூசெட்ஸ் முழுக்க அதன் பெயர் தெரியும். இந்த ஊரில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் மட்டும்தான் அதில் படிக்கலாம். அதனால் வெளியூர்ப் பிள்ளை எதுவும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். கோள் சொல்வதற்கென்றே தனியாக ஒரு தொலைபேசி எண் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமைதோறும் விட்காம்ப் வீட்டிலிருந்து ஒரு பழைய காரில் தாயும் மகளும் பக்கத்து நகரமான பிராக்டனுக்குப் போவதைப் பார்த்து, யாரோ ஒரு புண்ணியவான் அந்த எண்ணை அழுத்திவிட்டார். அந்த ஆள் ஞாயிறு காலையில் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அயலானை நேசி என்று பாடியிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

நான்காம் நாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மேற்படி சிறுமி இவ்வூரில் நிலையாகக் குடியிருப்பவள் அல்ல என்று விசாரணையில் தெரிகிறது; பதினான்கு நாட்களுக்குள் அவளை விலக்கிக்கொள்ள வேண்டும்; தவறினால் ஊருக்கு நேர்ந்த செலவு உங்கள் மேல் சுமத்தப்படும். வீட்டுக்காரர் 'இவர்கள் இங்கேதான் குடியிருக்கிறார்கள்' என்று ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மட்டும் மறுபரிசீலனை.

ஒரே ஒரு கையெழுத்து. லோரேனுக்கு உயிர் வந்தது. மூன்று வருடமாக வாரத்தில் ஐந்து இரவும் அந்த வீட்டில்தான் அவள் படுக்கிறாள். ஆமோஸுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவரைத் தூக்கி உட்கார வைப்பதும், துடைத்துவிடுவதும், ஊட்டுவதும் அவள்தான். ராத்திரியும் ஆள் வேண்டும், நீ இங்கேயே தங்கு, பெண்ணையும் கூட்டி வா, பள்ளிக்கூடம் பிரமாதமாக இருக்கும் என்று வருந்தி அழைத்ததே ஆமோஸின் தங்கை ஹேரியட்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஹேரியட் வந்தாள். அறுபத்தாறு வயது, நிமிர்ந்த முதுகு. ஊர் நிறுவனர் நாள் விழாக் குழுவுக்கு அவள்தான் தலைவி. கை நிறைய அட்டைகளும், குழந்தைகள் போட்டுக்கொள்ளும் மூன்று முனைத் தொப்பிகளும் வைத்திருந்தாள். வாசல் புல்வெளியில் அவளே நட்டுவைத்த பலகையில் 'இங்கே அனைவருக்கும் நல்வரவு' என்று ஏழு வண்ணத்தில் எழுதியிருந்தது.

லோரேன் தாளை நீட்டினாள். ஹேரியட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். படித்து முடித்ததும் மேசைமேல் ரொம்ப மெதுவாக வைத்தாள்.

"லோரேன், நீ எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி. அது உனக்கே தெரியும்."

"தெரியும் மிஸ் ஹேரியட். அதான் கேக்கறேன்."

"ஆனா நீ இங்க வேலை பார்க்கறே. குடியிருக்கலையே."

"ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்குத் துணி மாத்தறேனே, அப்ப நான் எங்க இருக்கேன்?"

"அப்படி எடக்காப் பேசாதே, கண்ணு. வக்கீலைக் கேட்டேன். குடியிருக்கறவள்னு எழுதிக் கொடுத்துட்டா, நாளைக்கு ஆமோஸுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னை எப்படிப் போகச் சொல்றது? உனக்கு உரிமை வந்துடுமாம். உன்னைச் சொல்லலை. பொதுவாச் சொல்றேன்."

மேசையின் மறுமுனையில் சக்கர நாற்காலியில் ஆமோஸ் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் அவரிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டுவைத்திருந்தது. காபி வேண்டும் என்றாலும் 'போதும்' என்பார், வலித்தாலும் 'போதும்' என்பார். இப்போது இடது கையை நீட்டி, தங்கையின் பேனாவைப் பிடித்து இழுத்தார். "போதும்" என்றார். தாளில் கோணல்மாணலாக ஓர் 'ஆ' விழுந்தது. நெற்றி வியர்க்க அடுத்த எழுத்தைத் தொடங்கினார். வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஹேரியட் தாளை அவர் கைக்கடியிலிருந்து உருவிக்கொண்டாள்.

"அவன் கையெழுத்து செல்லாதும்மா. அவனுக்காக நான்தான் கையெழுத்துப் போடணும்னு அதிகாரம் எழுதி வாங்கியாச்சு. பாவம், அவனுக்கு என்ன தெரியும்?"

பிறகு அதே மூச்சில் நாடியாவின் பக்கம் திரும்பி, தலையில் ஒரு தொப்பியை வைத்து அழகு பார்த்தாள். "உன் வகுப்புல நீதான் கணீர்னு படிக்கறியாமே? நாடகத்துல நீதான் கான்ஸ்டபிள். டீச்சர் சொன்னாங்க. விழா உன் கடைசி நாள் அன்னிக்குத்தான் வருது, அதனால பிரச்சனை இல்லை."

பிரச்சனை இல்லையாம்!

நாடகம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1764இல் எங்கள் ஊருக்கு மெர்சி டாகெட் என்ற ஏழை விதவை மகளோடு பிழைக்க வந்தாள். வயலில் வேலை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஓராண்டு தங்கிவிட்டால் அவள் ஊராள் ஆகிவிடுவாள். நாளை முடியாமல் விழுந்தால் ஊர்தான் சோறு போட வேண்டும். அதனால் ஊர்ப் பெரியவர்கள் கான்ஸ்டபிளின் கையில் ஒரு பத்திரம் கொடுத்து, பதினான்கு நாளில் வெளியேறச் சொன்னார்கள். இப்படி எத்தனையோ பேருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தின் அடியில் முதல் கையெழுத்து ஆமோஸின் மூதாதை ஜோசயா விட்காம்புடையது. ஹேரியட் தன் வீட்டுக் கூடத்தில் அதன் நகலைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். கொடுமைதான், ஆனாலும் எவ்வளவு அழகான கையெழுத்து பாருங்கள் என்று விருந்தாளிகளிடம் சொல்வாள்.

அந்தப் பத்திரத்தைத்தான் நாடியா படிக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அதன் பிரதியை ஒட்டிவைத்து, காலையில் தலை பின்னும்போது உரக்கப் படித்துப் பழகினாள். பக்கத்திலேயே பள்ளிக் கடிதமும் ஒட்டியிருந்தது. ஒருநாள் பாதியில் அவள் கண் தவறி அடுத்த தாளுக்குப் போய்விட்டது. குரல் தடங்கவே இல்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இப்ப நான் எதைப் படிச்சேன்?"

லோரேனின் கை பின்னலில் அப்படியே நின்றது. ஆமோஸ் ஸ்பூனால் மேசையைத் தட்டினார். "போதும், போதும்!"

அன்று மதியம் ஆமோஸ் தூங்கிய நேரத்தில் லோரேன் ஒரு முழுத்தாளைத் தேநீரில் நனைத்துக் காயவைத்தாள். பள்ளிக் கடிதத்தை நாள், தேதி விட்டுவிட்டு அப்படியே அதில் எழுதினாள். பள்ளி என்ற சொல் வந்த இடத்தில் ஊர் என்றும், சிறுமி என்று வந்த இடத்தில் தங்கள் இருவரையும் போட்டாள். வேறொன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சுருட்டிச் சிவப்பு நாடாவால் கட்டினாள்.

"நான் திட்டு வாங்குவேனா?" என்று நாடியா கேட்டாள்.

"யாரும்மா திட்டுவாங்க? உன்னைத்தான் ஏற்கெனவே போகச் சொல்லிட்டாங்களே. நிறுத்தி நிதானமாப் படி."

அக்டோபர் சனிக்கிழமை. தேவாலயத்துக்கு முன்னால் உள்ள ஊர்ப் புல்வெளியில் கூட்டம். ஆப்பிள் சாறும் சர்க்கரை தூவிய டோனட்டும் கையில் இல்லாத ஆளே இல்லை. ஓர் ஓரத்தில் பழைய தண்டனைத் தொழுமரம் ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். தலையையும் இரு கைகளையும் அதன் ஓட்டைகளில் விட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சிரித்தபடி படமெடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டையைத் திறந்து மூடும் சேவையைச் செய்தவர் கிம்பால். லோரேன் ஆமோஸின் நாற்காலியை மேடைக்கு அருகே நிறுத்திவிட்டு அதன் பின்னால் நின்றாள்.

நாடியா கோலைத் தரையில் மூன்று முறை தட்டினாள். எதிரே விதவையாக நின்றவள் பல் மருத்துவரின் மகள். முகத்தில் கரி பூசியிருந்தாள். நாடியா அவளைப் பார்க்கவில்லை. தாளை விரித்தாள்.

"லோரேன் பீரஸுக்கும் அவள் மகளுக்கும் தெரிவிப்பது. நீங்கள் இவ்வூரில் நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்ல என்று விசாரணையில் தெரிகிறது. பதினான்கு நாட்களுக்குள் விலகிக்கொள்ள வேண்டும். தவறினால் ஊருக்கு நேர்ந்த செலவு உங்கள் மேல் சுமத்தப்படும்."

லோரேன் கூட்டத்தைப் பார்த்தாள். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்!

லோரேனின் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு எங்க போயிருப்பா? எப்படித்தான் மனசு வந்துச்சோ அந்தக் காலத்து ஆளுங்களுக்கு."

"பீரஸ்னா போர்ச்சுகீசியப் பேராச்சே" என்றார் அவள் கணவர், டோனட்டை மென்றபடி. "அப்பவே அவங்கெல்லாம் இங்க வந்துட்டாங்க பாரேன். எவ்வளவு விஷயம் தெரிஞ்சுக்கறோம்!"

மொத்தக் கூட்டத்தில் கைதட்டலைப் பாதியில் நிறுத்தியவர் கிம்பால் ஒருவர்தான். தொழுமரத்தில் தலையைக் கொடுத்திருந்த யாரோ ஒருவர், "சார், திறந்து விடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஹேரியட்டுக்குத் தெரிந்துவிட்டது. மேடைப் படியில் ஏறியவளின் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. நாடியாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். லோரேனைப் பார்த்தாள். கூட்டம் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். பையிலிருந்து தான் எழுதி வந்த காகிதத்தை எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நண்பர்களே, நம்ம முன்னோர்கள் கிட்ட குறை இருந்துச்சு. அதை நாம மறைக்கறதில்லை. ஆனா அங்கேருந்து நாம எவ்வளவோ தூரம் வந்துட்டோம்னு நெனச்சா..."

"போதும்!" என்று கத்தினார் ஆமோஸ். "போதும்! போதும்!"

"என் அண்ணனுக்குக் குளிருது போல" என்று புன்னகைத்தாள் ஹேரியட். கூட்டம் அன்போடு சிரித்தது. அவள் மிச்சத்தையும் படித்து முடித்தாள்.

விழா கலைந்ததும் ஹேரியட் வேகமாக வந்தாள். குரலை அடக்கிக்கொண்டு, "நீ செஞ்சது ரொம்ப அநாகரிகம். போகட்டும், நான் பெரிசு பண்ணலை. திங்கக்கிழமை வழக்கம்போல ஏழு மணிக்கு வந்துடுவே இல்ல?" என்றாள்.

லோரேன் குனிந்து ஆமோஸின் கால் போர்வையைச் சரி செய்தாள். அவர் இடது கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். அப்புறம் வீட்டுச் சாவியை எடுத்து ஹேரியட்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வர மாட்டேன்."

"ஐயோ, அப்ப இவனை யார் தூக்குவா? நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

"இந்த ஊர்ல ஆயிரத்து எண்ணூறு வீடு இருக்கு மிஸ் ஹேரியட். நிலையாக் குடியிருக்கறவங்க யாரையாவது கூப்பிடுங்க."

நாடியா தொப்பியைக் கழற்றி மேடைப் படியில் வைத்தாள். இருவரும் பழைய காரில் ஏறிப் போனார்கள்.

ஹேரியட் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசல் வரை வந்துவிட்டாள். படியேற்றத் தெரியவில்லை. ஏழு வண்ணப் பலகையின் பக்கத்தில் அவரை நிறுத்திவிட்டு, ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"ஆமாங்க, இங்கேயே தங்கணும். நல்லாப் பார்த்துப்போம், எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி. ஆனா ஒண்ணு, குழந்தை குட்டி இல்லாத ஆளாப் பார்த்து அனுப்புங்க."