துண்டுக்குள் பேசியது

குடுமியான்மலைச் சாலையில் இருந்த முதியோர் விடுதியை வியாபாரிகள் சேர்ந்து நடத்தினார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்தபின், அதைச் சோதிக்கத் திருச்சியிலிருந்து வருஷாவருஷம் ஓர் அதிகாரி வர ஆரம்பித்தார். வியாபாரிகளுக்குச் சோதனை என்றால் பயமில்லை. மூட்டையின் மேல்வாயில் நல்ல மிளகாயை அடுக்கத் தெரியாதவன் கடையே வைக்க மாட்டான்.

அன்றும் மேனேஜர் ரெங்கராஜ் நன்றாகவே அடுக்கியிருந்தார். நடமாடக்கூடியவர்கள் வெளுத்த துணியில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்க முடியாத மூன்று பேரை விடியும் முன்பே விறகுக் கொட்டகையில் போட்டுப் பூட்டியாயிற்று. மூவரில் ஒருத்தி முனியாயி. அவள் புருஷன் ராக்கன் வராந்தாவில் இருந்தார். வாயைத் திறந்தால் புருஷனும் பெண்டாட்டியும் தெருவில்தான் என்று ரெங்கராஜ் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

அதிகாரி ஜைனுதீன் சமையற்கட்டைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"படுக்கையில கெடக்குறவங்க யாரும் உண்டா?"

"ஒருத்தருமில்ல சார். எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்க."

"கல்லு மாதிரின்னா? அசையாமலா?"

ரெங்கராஜ் மட்டும் சிரித்தார்.

ராக்கன் எழுந்து வந்து, கும்பிடுவதுபோல் அதிகாரியின் கையைப் பிடித்துத் தம் துண்டை அதன்மேல் போட்டார். வாலிபத்தில் அவர் மாட்டுத் தரகர். சந்தையில் விலை துண்டுக்குள் விரலால்தான் பேசப்படும். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பேசிய இருவரும் வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

ஜைனுதீனின் அத்தாவுக்குத் தோல் மண்டி. சந்தைக்குச் சந்தை தகப்பனோடு அலைந்து வளர்ந்த கைக்குத் துண்டு புதிதல்ல. ராக்கன் மூன்று விரலை அழுத்தினார். தாடை விறகுக் கொட்டகைப் பக்கம் லேசாகத் திரும்பியது. அங்கே பூட்டு தொங்கியது.

விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஜைனுதீன் கணக்குப் போட ஆரம்பித்தார், அதுதான் வந்த வினை. உள்ளதை எழுதினால் விடுதியை மூடுவார்கள். இத்தனை கிழடும் எங்கே போகும்? விடுதித் தலைவரான வியாபாரி மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் தமக்கும் மாற்றல். ஜீப்பில் ஓர் ஆளைத்தான் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்.

அவர் ஒரு விரலைப் பிடித்தார்.

ராக்கன் மூன்றை அழுத்தினார். ஜைனுதீன் ஒன்றிலேயே நின்றார். ராக்கன் இரண்டுக்கு இறங்கினார். ஒன்று. கிழவர் அந்த ஒன்றுக்கே இணங்கிக் கையை விட்டார்.

"கொட்டகையத் தெறங்க" என்றார் ஜைனுதீன் மேனேஜரிடம்.

"சார், அது வெறகு..."

"தெறங்கங்கிறேன். ஒருத்தர நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். மறு பேச்சுப் பேசினா மூணும் ரிப்போர்ட்டுல ஏறும்."

கதவு திறந்ததும் நாற்றம் முந்திக்கொண்டு வந்தது. செல்லமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இடுப்பு ஒடிந்த இன்னாசியம்மாள் தலையைத் தூக்கி, "தண்ணி குடுங்கய்யா" என்றாள். விறகு ஓரத்தில் முனியாயி வாய் பிளந்து கிடந்தாள். முதுகுப் புண்ணில் ஈ.

"இதுல யாரு பொழைப்பாங்க பெரியவரே?"

ராக்கன் இன்னாசியம்மாளைப் பார்த்தார். எந்த மாடு ஊர் போய்ச் சேரும், எது வழியில் விழும் என்று சொல்லியே சோறு தின்ற மனிதர். கண்ணை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார்.

"முனியாயிதாங்க. நேத்துக்கூடக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சா. தொட்டுப் பாருங்க, ஒடம்பு சில்லுன்னு இருக்கு, காய்ச்சல் விட்டுப் போச்சு. ரெண்டு ஊசி போட்டா எந்திரிச்சு நடந்துருவா."

ஜைனுதீன் தொட்டுப் பார்க்கவில்லை. தரகர் பேச்சு அவருக்குத் தெரியும். ஆனாலும், "தூக்குங்க" என்றார்.

"நானு?" என்றாள் இன்னாசியம்மாள்.

ராக்கன் பெண்டாட்டியின் காலைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். "போயிட்டு வா ஆத்தா, பின்னாடியே வாரேன்" என்றார். அவளுக்குக் காது கேட்டதா என்று தெரியாது. புழுதி அடங்கும்வரை அங்கிட்டே பார்த்து நின்றார்.

புதுக்கோட்டை டவுன் எல்லைக்கு முன்பே முனியாயிக்கு மூச்சு நின்றுபோயிற்று. டிரைவர் உடையப்பன் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி வந்து பார்த்தான்.

"முடிஞ்சிருச்சு சார். திருப்பட்டுமா? இவங்களக் குடுத்துட்டு, தண்ணி கேட்ட அம்மாவ ஏத்திக்கிட்டு வந்துரலாம். அது பொழைக்கும் சார்."

ஜைனுதீன் சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒருத்தர்னுதான் பேச்சு. ஓட்டு."

உடையப்பன் உடனே வண்டியை எடுக்கவில்லை. கிழவியின் வாயை மூடப் பார்த்தான், மூடவில்லை. தன் தலைத்துணியை அவிழ்த்து அவள் முகத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.