கறுப்பு ரேகை

எங்கள் வீட்டில் குளியலறை இரண்டு. ஒன்றில் குளிப்போம். பின்பக்கம் இருக்கிற இன்னொன்றில் நான் கல் தேய்ப்பேன். இதை என் நாத்தனாரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் என் கணவரின் அக்கா. பல்செட் கட்டிக்கொள்ள வந்தவர். நான் வரவேற்பில் உட்காருகிற பல் மருத்துவமனையில்தான் கட்டினார்கள். பல் கச்சிதமாகப் பொருந்திவிட்டது, வறுத்த கடலையே கடிக்கிறார். ஊருக்குத் திரும்புகிற பேச்சை மட்டும் காணோம். "அப்பா கட்டின வீடு, எனக்கு உரிமை இல்லையா?" என்பார். இருக்கட்டும், யார் இல்லையென்றது?

மருத்துவமனையில் பல்செட்டுகளுக்கு மெருகேற்ற ஒரு மோட்டார் இருந்தது. அது கடைசியாக மெருகேற்றியது நாத்தனாரின் பல்செட்டைத்தான். அதன் பிறகு டாக்டர் புதிது வாங்கி, பழையதை என் தலையில் கட்டினார். நான் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதுவரை உப்புத்தாளில் கையால் தேய்த்துத் தேய்த்து விரல் நோகும். இதில் ஒரு பக்கம் சாணைச் சக்கரம், மறுபக்கம் கம்பளிச் சக்கரம். மேலே ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டேன். தண்ணீர் சக்கரத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் தூசி நெஞ்சுக்குள் போய்விடும், கல்லும் சூடேறி நிறம் கெடும்.

நான் தேய்ப்பது டர்க்காய்ஸ் மட்டும்தான். வான நீலத்தில், உடம்பெல்லாம் கறுப்பு ரேகை ஓடுகிற கல். இதற்குப் பட்டை தீட்டுவதில்லை. அடி தட்டையாகவும் மேல்பக்கம் பாதி முட்டை போல வழவழப்பாகவும் உருட்டி எடுக்க வேண்டும், கபோஷான் என்பார்கள். வேலை முடிந்து வந்து, முகமூடியைக் கட்டிக்கொண்டு, குச்சி நுனியில் ஒட்டிய கல்லைச் சக்கரத்தில் வைத்துவிட்டால் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது. கேட்டாலும் காதில் விழாது. அதற்காகவே தேய்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மோட்டார் உள்ளே போன மறுநாளே நாத்தனாருக்குத் தனிக் குளியலறை தேவைப்பட்டது.

"கல்லுடைக்கிறவ மாதிரி நிக்கிறா. பொம்பளை செய்யற வேலையா இது?" என்றார், சாப்பாட்டு மேசையில், என் கணவரைப் பார்த்து. என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

"இல்லக்கா, அது வந்து..." என்றார் கணவர். அக்கா முன்னால் அவருக்கு எந்த வாக்கியமும் முடிந்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பொருளைத் தூக்கிப் போட நீங்க யாரு அண்ணி?"

அவர் அசரவில்லை. கல் விழுந்துபோன மோதிரம் ஒன்றைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "நீதான் கெட்டிக்காரியாச்சே. இதுக்கு ஒரு கல்லு செஞ்சு குடு. சுத்த நீலமா இருக்கணும், கறுப்பு ஒரு இழை தெரியக் கூடாது. குடுத்துட்டா மிஷின் இருந்துட்டுப் போகட்டும். நான் வாயே திறக்கல."

"ஒரு கல்லுதானே, குடுத்துட்டாப் போச்சு" என்றார் கணவர், முழு வாக்கியமாக.

என்னிடம் நல்ல கல் இரண்டுதான் இருந்தன. சிறியதை எடுத்தேன். ஓரத்தில் ஒரு ரேகை. தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தேன். துடைத்துக் காயவைத்துப் பார்த்தால், போகவில்லை. சாய்வாக உள்ளே இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். இன்னும் கொஞ்சம். கல் தேய்க்கிற எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி இது. குறையைத் துரத்திக்கொண்டே போவோம், குறை போவதற்குள் கல் போய்விடும். மொச்சைக்கொட்டை அளவு இருந்தது மிளகாய் விதை அளவாகி, குச்சியிலிருந்து தெறித்து, தண்ணீர் போகிற ஓட்டைக்குள் விழுந்தது. நீலச் சேறுதான் மிச்சம்.

பெரியது என்னுடைய கல். நடுவில் ஒரு ரேகை இறங்கி, பாதியில் இரண்டாகப் பிரியும். நானே கழுத்தில் போட்டுக்கொள்ள ஒதுக்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை அதையும் எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். மோட்டாரைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. ரேகையின் நுனியைச் சக்கரத்தில் வைத்தும்விட்டேன்.

கதவுக்கு வெளியே நாத்தனாரின் குரல். "ஆச்சா? கறுப்பு போச்சா?"

மோட்டாரை நிறுத்தினேன். கல்யாணமான புதிதில் நான் சத்தமாகச் சிரிக்கிறேன் என்று இதே குரல்தான் சொன்னது. அன்றைக்குச் சிரிப்பைக் குறைத்தேன். எத்தனை முட்டாள்தனம்! யாருக்காகக் குறைத்தேன்? போதும், இனி நானும் ஒரு இழைகூடத் தேய மாட்டேன்.

ரேகையை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றியே மேட்டை உருட்டினேன். நயமான சக்கரத்துக்கு மாற்றி, துடைத்துத் துடைத்துக் கீறல் பார்த்து, கடைசியில் கம்பளியில் மெருகேற்றினேன். நீலம் ஏற ஏறக் கறுப்பும் எடுப்பாகத் தெரிந்தது. அத்தனை அழகு. எனக்கே கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. செம்புக் கம்பியில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் தராசும் சாக்குமாக வந்து நின்றார். நாத்தனார் ஹாலில், டிவிக்கு எதிரே, தன் வழக்கமான நாற்காலியில் இருந்தார்.

"என் கல்லு எங்கே?"

"சாக்கடைக்குப் போயிடுச்சு அண்ணி. கறுப்பு போகணும்னீங்க. மொத்தமாவே போயிடுச்சு."

"அப்போ கழுத்துல கிடக்கறது?"

"இது என்னோடது. இதுல கறுப்பு இருக்கு. இருக்கும்."

"பாத்தியாடா இவ பேச்சை!" என்று தம்பியிடம் திரும்பினார். "அந்த மிஷினைத் தூக்குடா!"

"நானே தூக்கறேன்" என்று குளியலறைக்குப் போனேன். மோட்டாரை மேசையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கியிருந்தேன். தனியாளாக நகர்த்த முடியாது. ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். திடீரென்று மேசை லேசானது. நிமிர்ந்து பார்த்தால் மறுபக்கத்தில் என் கணவர். "இல்லக்கா, அது வந்து..." என்று ஹாலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே தூக்கினார்.

இரும்புக்காரர் சாக்கை விரித்தார்.

"மடிச்சு வைங்க. இந்த வீட்டுல வேண்டாத சாமான் எதுவும் இல்லை" என்றேன்.

அவரைத் தாண்டிக் கொண்டுபோய், டிவிக்கும் நாத்தனாரின் நாற்காலிக்கும் நடுவே மேசையை இறக்கினோம். குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். சக்கரத்துக்கு அடியில் ஒரு தொட்டியை வைத்தேன். முகமூடியைக் கட்டினேன்.

"என்னடி பண்றே? நான் சீரியல் பாக்கற இடத்துல!"

"பாத்ரூம்தானே கேட்டீங்க? காலி பண்ணிட்டேன். போய் ஆற அமரக் குளிங்க, அண்ணி."

சுவிட்சைப் போட்டேன். நாத்தனாரின் வாய் திறந்து திறந்து மூடியது. இதே மோட்டார் மெருகேற்றிய பற்கள்தான், நன்றாகவே மின்னின. ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.