பதினான்கும் முப்பத்தேழும்

ரிப்பேர்க்காரர் போன் செய்தபோது பதிவேட்டம்மா பஸ் நிறுத்தத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை நீவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்று வீடு ஏறி இறங்கியாயிற்று. ஒரு வீட்டில் ஆளில்லை. இன்னொன்றில் ஆளிருந்தும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் திறந்து, உட்காரவைத்து, "அந்த பேஸை வித்து பத்து வருஷமாச்சு, யாருக்குன்னு ஞாபகம் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, நீங்க கடைக்கு நேர்ல வரணும்."

"போன்லயே சொல்லேன்டா. காலு ரெண்டும் கழண்டு விழுந்துடும் போலிருக்கு."

"சொன்னா நம்ப மாட்டீங்க. நம்பிட்டாலும் பார்க்க வந்துதான் ஆகணும்."

செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பேஸ் என்றால் நாலு தடிக் கம்பி போட்ட கிட்டார். பாட்டில் அது இருக்கிற வரைக்கும் ஒருவர் காதிலும் தனியாக விழாது. நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வாத்தியத்தை வாசித்தே பேர் வாங்கியவர் ஒருவர் இருந்தார். மேடையில் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதால் ஊமை மாஸ்டர் என்று அழைப்பார்கள். அவருக்குப் பிடித்த அளவிலும் வடிவிலும், வாத்தியத்தின் தலைப்பக்கத்துக்குப் பின்னால் அவர் கையெழுத்தைச் சூடு வைத்து, ஒரு சின்னப் பட்டறை அறுபது பேஸ்களைச் செய்தது. அறுபதும் ஒரே மங்கலான பழுப்பு நிறம். அத்தோடு பட்டறையை மூடிவிட்டார்கள். அங்கே டைப் அடிக்கிற வேலையில் இருந்த பெண், யாருக்கு எந்த எண் விற்றது என்ற அட்டைகளைக் குப்பையில் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள்தான் நம் பதிவேட்டம்மா. முப்பது வருஷமாக எது எங்கே இருக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிக்கொண்டே இருக்கிறாள். சம்பளம் கிடையாது. அவள் "சரி" என்று சொல்லாமல் அந்த அறுபதில் ஒன்றை ஒருவரும் வாங்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

"அறுபது பிள்ளை பெத்திருக்கே. ஒண்ணாவது வந்து உனக்குக் கால் பிடிச்சு விடுதா?" என்பார் அவள் வீட்டுக்காரர். அவரும் பிடித்துவிடுகிறவர் இல்லை.

கடையில், துணி விரித்த மேஜைமேல், பல் டாக்டருடைய பேஸ் குப்புறக் கிடந்தது. அந்த டாக்டரிடம் ஏழு பேஸ்கள் இருக்கின்றன. ஒன்றையும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. இது எண் பதினான்கு. கழுத்து வளைந்து கம்பி இரைகிறது என்று கொடுத்திருந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுவிடுங்கள், கண்ணுகளா. மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும். பேஸின் உடலையும் கழுத்தையும் பின்னாலிருந்து நாலு திருகாணிகள் சேர்த்துப் பிடிக்கின்றன. திருகாணிக்கு அடியில் தீப்பெட்டி அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு. எண் அந்தத் தகட்டில்தான் அடித்திருக்கும். ஆனால் தகடு வருவதற்கு முன்பே, வர்ணம் பூசுகிறவர் கழுத்து உட்காரும் குழியில் அதே எண்ணைப் பென்சிலால் எழுதிவைப்பார். அதைப் பார்க்கக் கழுத்தைக் கழற்ற வேண்டும். கழற்றமாட்டார்கள். ஊமை மாஸ்டர் கையெழுத்துப் போட்ட பேஸில் பட்டறை முடுக்கிய திருகாணியைத் தொடக் கூடாது என்று வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். பதிவேட்டம்மாவும் தகட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். முப்பது வருஷமும் அப்படித்தான்.

இப்போது வேறு வழியில்லாமல் கழுத்தைக் கழற்றியிருந்தார் ரிப்பேர்க்காரர். தகட்டில் பதினான்கு. குழிக்குள், பென்சிலில், வட்டம் போட்டு, முப்பத்தேழு.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். துடைத்தால் எண் மாறிவிடுமா என்ன.

"தகட்டை யாரு மாத்தினது?"

ரிப்பேர்க்காரர் திருப்புளியை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவரும் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்தான். அதனால் அவசரமென்றால் அவர் கை மட்டும் அந்தத் திருகாணியைத் தொடலாம் என்று விடுவார்கள்.

"நானாத்தான் இருக்கும்க்கா. டிரைவரும் ஸ்டூடியோக்காரரும் ஒரே நாள்ல கொண்டுவந்தாங்களே, வெளியூர்க் கச்சேரிக்கு முன்னாடி? வாசல்ல வேன் நிக்குது, சீக்கிரம் சீக்கிரம்னு தலைமேல நிக்கறாங்க. ரெண்டு கழுத்தையும் கழட்டி, திருகாணி தகடு எல்லாத்தையும் ஒரே டப்பா மூடியில போட்டேன். திருகாணி எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும். தகடும் அப்படித்தான்னு கை நெனச்சிடுச்சு."

"கை நெனச்சுதா. அப்போ மூளை எங்க போச்சு?"

"டீ குடிக்கப் போயிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

டிரைவர் என்றால் பஸ் டிரைவர். பகலில் பஸ், விடுமுறை நாளில் கச்சேரி. பதினான்கை வாங்கியவர் அவர். அதைப் பார்த்து ஆசைப்பட்டு அடுத்த வருஷம் அவருடைய சிநேகிதர், பாட்டுப் பதிவு செய்கிற ஸ்டூடியோக்காரர், முப்பத்தேழை வாங்கினார். பிறகு ஸ்டூடியோக்காரருடைய பேஸ் வேனிலிருந்து களவு போய்விட்டது. முப்பத்தேழு, களவு என்று பதிவேட்டில் ஏறியது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர், கடையில் வாங்கினேன் என்று பதினான்கைக் கொண்டுவந்து காட்டினார். சரி, டிரைவர் விற்றுவிட்டார் போலிருக்கிறது, கேட்டு எழுதிக்கொள்வோம் என்று இவள் டிரைவர் வீட்டுக்குப் போனாள். அங்கே சுவரோரமாக ஒரு பேஸ் நின்றது. திருப்பிப் பார்த்தாள். முப்பத்தேழு.

"நான் ஒண்ணுதான் வாங்கினேன். ஒண்ணுதான் வச்சிருக்கேன்" என்றார் டிரைவர். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் பேஸின் பின்பக்கத்தை எவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்? சொந்தத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டுச் சிநேகிதன் பேஸைத் திருட்டு விலைக்கு வாங்கியிருக்கிறார் என்று இவள் முடிவு கட்டினாள். எழுதினாள். எழுதியதை வழக்கம்போல வாசிப்பவர்கள், கடைக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். பேஸ் ஸ்டூடியோக்காரர் வீட்டுக்குப் போயிற்று. கச்சேரிக்குக் கூப்பிடுவது நின்றது. டிப்போவில் அவருக்கு முப்பத்தேழு என்றே பேர் வைத்தார்கள். வேறொரு பேஸை அவர் தொடவேயில்லை.

"இதை இப்படியே மாட்டிட்டா ஒருத்தருக்கும் தெரியாதுக்கா" என்றார் ரிப்பேர்க்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல். "உங்களையும் என்னையும் தவிர."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே. அது போதாதா?" முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மாட்டாதே. நல்லா வெளிச்சத்துல வச்சு ஒரு போட்டோ எடு."

டிரைவர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்தது டிரைவர் மனைவி. ஈரக்கை. யாரென்று தெரிந்ததும் அந்தக் கையைத் துடைக்காமலே நின்றாள்.

"இன்னும் என்ன எடுத்துட்டுப் போகணும்?"

"ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேம்மா."

டிரைவர் காலை ஷிப்ட் முடித்து வந்து வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. போன முறை பார்த்ததற்கு முடி பாதி போயிருந்தது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. போட்டோவைக் காட்டினாள். டப்பா மூடியைச் சொன்னாள். "உங்ககிட்ட இருந்தது உங்க பதினாலுதான் தம்பி. தகடு மட்டும்தான் அவருது. களவு போனது இப்போ பல் டாக்டர்கிட்ட இருக்கு. நான் தகட்டைப் பார்த்து உங்களைத் திருடன்னு எழுதிட்டேன்."

டிரைவர் போட்டோவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேசியது அவர் மனைவி.

"அப்போ இவர் சொன்னது நெசம்."

"நெசம்மா."

"என் தங்கச்சி கல்யாணத்துல வாசிக்கக் கூப்பிட்டாங்க. வேணாம், நாலு பேர் பேசுவாங்கன்னு நான்தான் தடுத்தேன்." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒத்துக்கிட்டா என்னங்க, ஒத்துக்கிட்டா என்னங்கன்னு எத்தனை வருஷம் கேட்டிருப்பேன். செய்யாததை எப்படிடி ஒத்துக்கறதுன்னு ஒரு தடவை கத்தினாரு. அப்புறம் கத்தறதையும் விட்டுட்டாரு."

டிரைவர் வாளியிலிருந்து காலை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"பதிவேடு கொண்டுவந்திருக்கீங்களா?"

பையிலிருந்து எடுத்தாள். பழைய வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தாள்.

"அடிக்காதீங்க. அது அப்படியே இருக்கட்டும். கீழ எழுதுங்க."

எழுதி நீட்டினாள். அவர் வாய்விட்டுப் படித்தார். "'பதிவேடு எழுதியவரின் பிழை.' பிழைன்னா டிப்போவுல எவனுக்குப் புரியும்? என்னைப் பத்தி எழுதறப்ப நல்லாப் புரியற மாதிரிதானே எழுதினீங்க? தப்புன்னு போடுங்க. யாரு பண்ண தப்புன்னும் போடுங்க."

தன் பேரைப் போட்டு, தப்பு என்று எழுதினாள். அப்போது எத்தனை பேருக்கு அனுப்பினாளோ அத்தனை பேருக்கும் அனுப்புவதாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை முகத்தில். ரொம்ப நேரம் நின்றுகொண்டே வந்தவருக்குக் கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் இடம் கிடைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

"ஸ்டூடியோக்காரன் வீட்டுக்கு நானே வரேன்" என்று சட்டையை எடுத்தார்.

"நானும்" என்றாள் மனைவி.

ஸ்டூடியோக்காரர் தனியாக இருந்தார். எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. மூன்று பேரையும் சேர்த்து வாசலில் பார்த்ததும் "வா மாப்ள" என்றார். பதிவேட்டம்மா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். போட்டோவை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரிமேல் இருந்த பெட்டியை இறக்கினார். அதன்மேல் விரல் வைத்தால் பதியும் அளவுக்குத் தூசி.

டிரைவர் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மடியில் வைத்தார். மின்சாரத்தில் மாட்டாத பேஸ் காதுக்குச் சரியாகக் கேட்காது. அதனால் அவர் குனிந்து, உடலின் மேல் கொம்பில் தாடையை அழுத்திவைத்துக்கொண்டு ஒரு கம்பியை மீட்டினார். எலும்பு வழியாகக் கேட்கும். அடுத்த கம்பி. அதற்கடுத்தது.

"கம்பி செத்துப்போச்சு" என்றார். பிறகு கம்பி முடியும் இடத்தைத் தடவினார். "இது நான் போட்டது. மூணு கம்பிதான் ஒரே செட்டு. நாலாவது கம்பி கிடைக்காம வேற கம்பெனிது போட்டேன், நுனியில பச்சை நூல் சுத்தினது. அப்படியே இருக்கு." நிமிர்ந்தார். "ஒன்பது வருஷமா நீ கம்பி மாத்தலையா?"

ஸ்டூடியோக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாசிக்கவே இல்லையா?"

"தூக்கினப்பவே தெரிஞ்சுபோச்சு மாப்ள. என்னுது இதைவிடக் கனம்."

"தெரிஞ்சும்தான் வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள் டிரைவர் மனைவி.

"பதிவேட்டுல என்னுதுன்னு இருந்துச்சு. அம்மா எழுதினா தப்பாவா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். என்னுது போனதுல பாதிப் பைத்தியமா இருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து மடியில வச்சா கை ஓடல. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு..."

"நல்ல நாளைக்கு" என்றாள் அவள். "அந்த நாளையெல்லாம் இவர் பஸ் ஓட்டிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரு. ஒரு தடவை மாடி ஏறி வந்து சொல்லியிருக்கலாம். லிஃப்ட் இல்லைன்னு யோசிச்சீங்களா?"

ஸ்டூடியோக்காரர் பதிவேட்டம்மா பக்கம் திரும்பினார். "இதையும் எழுதுவீங்களா?"

அவளுக்கு இடுப்பு வலித்தது. இன்னும் பல் டாக்டரிடம் போய், நீங்கள் ஆசையாக வைத்திருப்பது களவுப்பொருள் என்று சொல்ல வேண்டும். தன் தப்பை எழுதியாயிற்று. இவருடையதையும் தானே எழுத வேண்டுமா? டிரைவரைப் பார்த்தாள்.

"எழுதணும்" என்றார் டிரைவர். "ஆனா நீங்க எழுத வேணாம். போன தடவை நான் சொன்னது ஒண்ணு, நீங்க எழுதினது ஒண்ணு. அவனே எழுதட்டும்."

பதிவேட்டம்மா பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். மேலே இரண்டு வரிகளில் என்ன இருக்கிறது என்று தனக்குள் படித்தார். மறுபடி பேனாவை எடுத்தார்.

டிரைவர் மனைவி தரையில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் பெட்டியின் தூசியைத் துடைத்தாள். பதிவேட்டம்மா இருந்த ஒரே சோபாவில் சாய்ந்து செருப்பைக் கழற்றினாள். டிரைவர் தாடையைக் கொம்பில் வைத்துக்கொண்டு செத்த கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுருதி கூட்ட ஆரம்பித்தார். அறையில் சத்தமே இல்லை.

"என்னன்னு ஆரம்பிக்கறது மாப்ள?"

டிரைவர் தாடையை எடுக்காமலே சொன்னார். "மொதல்ல தேதியைப் போடு. நீ வாங்கிட்டுப் போன தேதி."